சுபிக்ஷா பேசுறேன்

எங்கள் ஊரில் என்னைவிட நல்ல மனநிலையில் இருக்கிற பெண் கிடையாது. நான் சொல்லவில்லை, கிளி சொல்கிறது. பிளஸ் டூ படித்த காலத்திலிருந்து நேற்று வரைக்கும் என் நிறம் பச்சை. ஒரு நாள்கூட மஞ்சளுக்குப் போனதில்லை. நான் ஒழுங்காகத் தூங்கி எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கே தெரியாது. வகுப்பில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, எழுந்து வெளியே ஓடிவிடுகிறேன். பஸ்ஸில் கூட்டம் ஏறினால் பாதி வழியில் இறங்கி நடக்கிறேன். இருந்தாலும் பச்சைதான். கிளி வாழ்க.

கிளி என்பது அதன் நிஜப் பெயர் இல்லை. ‘உளத்துணை’ என்று பெயர் வைத்துத்தான் அந்தச் செயலியை விட்டார்கள். போனில் பச்சைக்கிளிப் படத்தோடு வந்ததால் எல்லோருக்கும் அது கிளி ஆகிவிட்டது. படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் தினமும் கொஞ்ச நேரம் அதனிடம் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் வராது. மனிதன் மாதிரியே கேட்கும், ஆறுதல் சொல்லும், மூச்சை இழுத்து விடச் சொல்லும், கடைசியில் நிறம் போடும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் மனித டாக்டர். இளம்பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த வரம் என்று பத்திரிகைகளில் எழுதித் தள்ளினார்கள். எழுதினவர்கள் வீட்டுப் பெண்களை யாரும் பெண் பார்க்க வரவில்லை போலிருக்கிறது.

அருப்புக்கோட்டைப் பக்கம் கிளி வந்து கொஞ்ச நாளிலேயே ஜாதகத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நட்சத்திரம் கேட்ட கையோடு கிளி நிறமும் கேட்டார்கள். காட்டுவது உங்கள் இஷ்டம் என்றுதான் சட்டம். காட்டாத பெண்ணை யார் கட்டுவான்? எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு நிச்சயதார்த்தத்துக்குப் பத்திரிகை அடித்த பிறகு சம்பந்தம் முறிந்தது. ஒரு காலத்தில் அவள் மஞ்சளில் இருந்தாளாம். அந்த அக்காவின் அப்பா இறந்துபோன சமயம் அது. மஞ்சளாகாமல் வேறென்ன ஆகும்?

அதைப் பார்த்துத்தான் என் அம்மா சண்முகக்கனி ஒரு முடிவுக்கு வந்தாள். செவ்வாய் தோஷம் இருக்கிற ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் கொடுத்து மாற்றி எழுதி வாங்குவது எங்கள் சொந்தத்தில் சர்வ சாதாரணம். கிளியையும் அப்படிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

“நீ பாட்டுக்கு மனசுல இருக்குறத எல்லாம் அதுகிட்டக் கொட்டிருவ. உனக்கு வாய் கொஞ்சமா? நான் பேசிக்கிறேன். நீ படி” என்றாள்.

எனக்கும் அம்மாவுக்கும் ஒரே குரல். அப்பா ஜெயபாண்டி கடையிலிருந்து போன் செய்தால் இன்றைக்கும் ‘யாரு, நீயா உங்க ஆத்தாளா’ என்றுதான் ஆரம்பிப்பார். கிளிக்கு முகம் தேவையில்லை, குரல் போதும். பழைய போன் ஒன்றில் என் கணக்கைப் போட்டுக்கொண்டு, தினமும் சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய் ‘சுபிக்ஷா பேசுறேன்’ என்று அம்மா ஆரம்பித்தாள். ஒரு தொல்லை விட்டது என்றுதான் நான் அப்போது நினைத்தேன். பரீட்சை தலைக்கு மேல் இருந்தது.

கல்லூரி கடைசி வருஷத்தில் என்னால் முடியாமல் போயிற்று. ஆலோசனை மையம் என்று ஓர் அறை இருக்கிறது. அங்கே ரெஜினா மேடம் என்று ஒருவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். போய் நின்றேன்.

“டாக்டரப் பாக்கணும் மேடம்.”

என் பதிவு எண்ணைத் தட்டினார். “நீங்க பச்சைல இருக்கீங்களேம்மா.”

“பச்சைதான். ஆனா முடியல. தூக்கம் வரல. கிளாஸ்ல உக்காந்தா மூச்சு முட்டுது.”

“கிளிகிட்டச் சொல்லுங்க. அது அனுப்புனாத்தான் டாக்டர் பாப்பாங்க. வெளியில காசு குடுத்தாலும் பாக்கக் கூடாதுன்னு இப்ப ரூல்ஸ்.”

“அது எத வச்சு மேடம் பச்சை போடுது?”

“தூக்கம், சாப்பாடு, படிப்பு. மூணும் நல்லா இருக்குன்னு தினமும் சொல்லியிருக்கீங்க. அதுக்கு மேல மனசு விட்டுப் பேசுறீங்க. மனசு விட்டுப் பேசுறவங்க தெம்பா இருப்பாங்கன்னு அதுக்கு ஒரு கணக்கு. அதனால மார்க் கூடத்தான் விழும்.” திரையை இன்னொரு முறை பார்த்தார். “இந்தக் காலேஜ்லயே நீங்கதான் அதுகிட்ட ரொம்ப நேரம் பேசுறவங்கன்னு காட்டுது.”

“நானா? அப்படி என்ன பேசுறேன்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பேச்ச யாரும் பாக்க முடியாது. அதுக்குத்தானே எல்லாரும் தைரியமாப் பேசுறாங்க.” அடுத்து நின்ற பையனை அழைத்துவிட்டார்.

நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வருவதற்கு அம்மாவுக்கு எதற்கு அவ்வளவு நேரம் என்று எனக்கு விளங்கவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேன்டீனுக்குப் பின்பக்கம் போய் என் போனிலேயே கணக்கைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதனிடம் உண்மையைப் பேசினேன். தூக்கம், மூச்சு, குழாயைத் திறந்துவிட்டு அழுவது, எல்லாவற்றையும் கொட்டினேன். 

“உங்கள் வேதனையை மதிக்கிறேன்” என்றது கிளி. தேனாக ஒரு குரல், கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். “ஆனால் நீங்கள் சுபிக்ஷா இல்லை.”

“நான்தான் சுபிக்ஷா.”

“குரல் ஒத்துப்போகிறது. பேச்சு ஒத்துப்போகவில்லை. சுபிக்ஷாவை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அவர் நன்றாகத் தூங்குகிறவர். அவருடைய கவலைகளே வேறு. அவருடைய கணக்கைப் பாதுகாப்பது என் கடமை. உங்களுக்கு உதவி வேண்டுமானால் தயவுசெய்து உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து பேசுங்கள்.”

அதோடு பேச்சை அதுவே துண்டித்துக்கொண்டது. போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். அடித்தால் அப்பா என்னை அடிப்பார் என்பதால் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் மாடிப்படியில் ஏறிப் பாதியில் நின்றுகொண்டேன். கொடியில் துணியெல்லாம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

“நல்லாத் தூங்குனேன். நல்லாச் சாப்பிட்டேன். படிப்பு நல்லாப் போகுது” என்று ஒப்பித்தாள். அப்புறம் அவள் குரல் மாறியது. “இன்னைக்கும் தட்டத் தூக்கி எறிஞ்சாரு. ரசத்துல புளி தூக்கலா இருக்காம். அவரு செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டாலே அடுப்படிக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிறேன். இத்தன வருசத்துக்குப் பொறகும் ஒளியிறேன், அதான் வெக்கமா இருக்கு.”

“அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சுபிக்ஷா” என்றது கிளி. “உங்கள் பயம் நியாயமானது.”

அம்மா அழுதாள். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. அவளை அது சுபிக்ஷா என்று கூப்பிட்டது. அந்தப் பெயரில் எனக்கு வர வேண்டிய ஆறுதலை எல்லாம் அவள் வாங்கிக்கொண்டிருந்தாள்.

போனைப் பிடுங்கி அணைத்தேன்.

“இதான் நீ என் பேர்ல பேசுற லட்சணமா?”

கண்ணைத் துடைத்தாள்.  “அது ஒண்ணுதான்டி உக்காந்து கேக்குது. முழுசா கேக்குது.”

“எனக்கு யாரு கேப்பா?”

“உனக்குத்தான் நான் இருக்கேன்ல.”

சிரிப்பதா, அவளைப் பிடித்துத் தள்ளுவதா என்று தெரியவில்லை. “நான் இன்னைக்கு அதுகிட்டப் பேசுனேம்மா. நீ சுபிக்ஷா இல்லங்குது. எனக்கு டாக்டர் வேணும். நெசமா முடியல. கணக்க என்கிட்டக் குடு.”

“கோவில்பட்டியில இருந்து வந்துருக்குற சம்பந்தம் முடியட்டும். இந்நேரம் நெறம் மாறுனா உங்கப்பா ரெண்டு பேரையும் கொன்னே போட்டுருவாரு. நிச்சயம் ஆன மறுநாளே உன் கையில குடுத்துர்றேன். உன் மனசுல உள்ளதச் சொல்லு, டாக்டரப் பாரு. அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்க.”

கல்யாணமே வேண்டாம் என்று நான் ஏற்கெனவே சொல்லி, கன்னம் வீங்கினதுதான் மிச்சம். அதனால் சரி என்றேன். நிச்சயம் ஆனால் எனக்கு டாக்டர். எங்கள் வீட்டில் வைத்தியத்துக்கு வழி அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரகர் சௌந்தர் வந்தார். அப்பாவின் பி.வி.சி. பைப் கடையில் பாதி நாள் உட்கார்ந்து கதையடிக்கிற ஆள்தான். வந்ததும் வராததுமாகப் போனை எடுத்தார்.

“அண்ணாச்சி, பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு. பாப்பா பச்சைன்னும் சொல்லியாச்சு. இப்ப அவுக மனப்பொருத்தம் கேக்குறாக.”

“அது என்ன எழவு?” என்றார் அப்பா.

“கிளிக் கம்பெனிக்காரன் புதுசா வுட்ருக்கான். வெறும் நெறத்த வச்சு என்ன தெரியும்? இது பொண்ணு பேசுனது, மாப்பிள்ள பேசுனது, அத்தனையையும் கிளியே எடுத்து ஒண்ணோடொண்ணு வச்சுப் பாக்கும். பேச்சு வெளிய வராது. பொருந்துமா பொருந்தாதான்னு மட்டும் வரும். பொருந்தலன்னா என்ன காரணம்னு ஒரு வரி வரும். சம்மதம்னு அமுக்குனா போதும், ரெண்டு வீட்டுக்கும் சேந்தாப்புல வந்துரும்.”

அடுப்படி வாசலில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது.

“நச்சத்திரந்தான் பொருந்தி வந்துருக்கேங்க. இது எதுக்கு?” என்றாள்.

“உன்னக் கேட்டாகளா?” என்றார் அப்பா.

என் போனை வாங்கி அவரே அமுக்கினார். அதற்குப் பெயர் என் சம்மதம். சௌந்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்த செய்தியை வாய்விட்டு வாசித்தார். “பொருந்தவில்லை. காரணம்...” நிறுத்தினார். தனக்குள் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“வாசியும்.”

“பெண் தற்போது திருமண உறவில் இருக்கிறார். கணவரிடம் கடும் அச்சம் உள்ளவர்.”

அதற்குள் சௌந்தரின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா. என்னய்யா, கட்டிக்கொடுத்த பிள்ளையை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று அவர் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே கூடம் முழுவதும் கேட்டது.

அப்பா எழுந்து என் முடியைக் கொத்தாகப் பிடித்தார். “எவன்டி? எங்க வச்சுத் தாலி கட்டுன? சொல்லு, எவன்?”

 பதில் சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டு, வாயைத் திறந்தால் காற்றுக்கூட உள்ளே போகாத அந்த நிலைமை அப்போது வந்து தொலைத்தது. அவருக்கு அது திமிராகத் தெரிந்தது. ஓங்கி அறைந்தார்.

“அவள விடுங்க” என்றாள் அம்மா. “அது அவ இல்ல. நான்.”

“நீன்னா?”

“கிளிகிட்ட இத்தன வருசமாப் பேசுனது நான். புருசன்னு வந்துருக்கறது உங்களத்தான்.”

 அப்பா என் முடியை விட்டுவிட்டார். அம்மாவை இன்றைக்கு முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள், கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லாததை அவர் முகத்துக்கு நேரே, அதுவும் வெளியாள் முன்னால் சொல்லியிருக்கிறாள்.

அப்பா பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “அட, இவளா” என்றார். “நான் என்னமோ ஏதோன்னு பதறிட்டேன்யா.”

சௌந்தருக்கும் முகம் தெளிந்துவிட்டது. “அப்பப் பாப்பா மேல ஒரு குத்தமும் இல்ல. மதினி சும்மா வெளாட்டுக்குப் பேசிருக்காக. கம்பெனியில சொல்லிப் புதுக் கணக்கு வாங்கிரலாம் அண்ணாச்சி. கோவில்பட்டியில நான் பேசிக்கிறேன்.”

“பேசும், பேசும். ஏய், சௌந்தருக்குக் காப்பி போடு.”

அவ்வளவுதான். எதற்குப் பயம், எப்போதிலிருந்து பயம், ஒரு கேள்வி இல்லை. அம்மா கதவு நிலையை விட்டுவிட்டு உள்ளே போனாள். சர்க்கரை டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அந்த மனுஷனை நான் வெறுத்தேன், அந்தத் தரகனை வெறுத்தேன், காப்பி போடப் போன அவளையும் சேர்த்துத்தான் வெறுத்தேன்.

மறுநாள் காலையில் என் நிறம் சிவப்பாகியிருந்தது. பொருத்தம் பார்க்கிற கிளி மொத்தப் பேச்சையும் முதல் தடவையாக ஒன்றாக வைத்துப் பார்த்ததில், சுபிக்ஷா என்கிற பெண் ஆபத்தில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டதாம். மதுரையில் மனித டாக்டரைப் பார்க்க அன்றைக்கே நேரம் ஒதுக்கியிருந்தது. ஒரே முறைதான். வராவிட்டாலோ, கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டாலோ மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், அது எந்தக் காலத்தில் வருமோ தெரியாது.

“போயிப் பழையபடி பச்சையாக்கிக் கூட்டிட்டு வா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பா கடைக்குப் போனார்.

பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீயே பேசு. எல்லாத்தையும் சொல்லிரு. நான் வெளிய உக்காந்துக்கிறேன்” என்றாள்.

“பெரிய மனசுதான் உனக்கு.”

வழி நெடுகச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். முதலில் தூக்கம், அப்புறம் மூச்சு. ஓர் ஆள், எதிரில் உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லி என்னையே பார்த்துக் கேட்கப் போகிறார். அதை நினைத்தபோது அழுகை வந்தது. மதுரையில் பஸ் நின்றது தெரியவே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாதான் தட்டி இறக்கினாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நிற்க இடமில்லை. எல்லோரும் என் வயதுப் பிள்ளைகள், கூடவே அப்பா அம்மாக்கள். காற்றே இல்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. கண் இருட்டியது. ‘இப்ப வந்துர்றேன்’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இழுத்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். டாக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது.

“சுபிக்ஷாவக் கூப்பிட்டாங்களா?” என்று கதவுக்கு வெளியே மேஜை போட்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“அவங்க உள்ள போயாச்சு” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத வராது. தட்டை எறிந்தது, ரசத்தில் புளி, செருப்புச் சத்தம், அத்தனையும் இப்போது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மனித டாக்டர் கிடைத்ததும் விட மனமில்லை அவளுக்கு. என் குரலை எடுத்துக்கொண்டாள், பெயரை எடுத்துக்கொண்டாள், கடைசியில் இந்த அரை மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டாள். கதவை உதைக்கலாம் என்றுகூட நினைத்தேன். உதைத்தால் என்னைத்தான் பிடித்து வெளியே தள்ளுவார்கள்.

கதவு திறந்தது. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். கையில் மருந்துச் சீட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் வேகமாகப் பக்கத்தில் வந்தாள்.

“நீ இல்ல. ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க. விட்டா போயிருமேடி.”

“அதனால? உன் கதய எல்லாம் சொல்லி முடிச்சியா?”

“என் கதய எதுக்குச் சொல்றேன்? நான்தான் சுபிக்ஷான்னுட்டு உன்னதுதான் சொன்னேன்.” குரலைத் தாழ்த்தினாள். “நீ தூங்குறதில்ல, சொவரப் பாத்துக்கிட்டே படுத்துருக்க, எல்லாம் சொன்னேன். கொழாயத் தொறந்துவிட்டுட்டு உள்ள அழுகுறது, சோத்த எலையில சுருட்டித் தூக்கிப் போடுறது, பஸ்ஸுல எறங்கி நடந்து வாரது. கொத்துக் கொத்தா முடி கொட்டுறது. ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். டாக்டரம்மா என் மூஞ்சியப் பாக்கல, தெரையப் பாத்துக்கிட்டே நல்லாக் கேட்டாங்க. மருந்து குடுத்துருக்காங்க, மூணு மாசத்துல சரியாயிருமாம்.”

அம்மாவுக்கு ஒன்றுவிடாமல் தெரிந்திருக்கிறது. குழாய்ச் சத்தத்துக்குள் நான் அழுவது கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே, சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய் நான் நன்றாகத் தூங்கியதாகக் கிளியிடம் சொல்லியிருக்கிறாள். இவளை நான் என்ன செய்வேன்? கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். நோயாளி பெயர் சுபிக்ஷா, வயது இருபத்திரண்டு. என் நோய்தான், என் மருந்துதான். நான் மட்டும் அந்த அறைக்குள் போகவில்லை.

கதவை நோக்கி நடந்தேன். மேஜைக்காரப் பெண் கையைக் குறுக்கே நீட்டினாள்.

“எங்கம்மா போறீங்க? டாக்டரப் பாக்கணும்னா பேர் சொல்லுங்க.”

“சுபிக்ஷா.”

திரையைப் பார்த்தாள். “சுபிக்ஷா பாத்துட்டு இப்பத்தானே வெளிய வந்தாங்க. நீங்க யாரு?”

அம்மா ஓடி வந்து எனக்கு முன்னால் நின்றாள். பதில் சொல்ல வாயெடுத்தாள்.

“நீ பேசாதம்மா” என்றேன்.